ஐந்து பக்கத்தோடு நின்றுபோன நோட்டு: நியூரோடைவர்ஜென்ட் மனமும் இறுகிப்போன படைப்பு விதிகளும்

பல வீட்டு அலமாரிகளில் இப்படி ஒரு ஓவிய நோட்டு கிடக்கும். முதல் ஐந்து பக்கங்கள் அத்தனை சுத்தமாக வரையப்பட்டிருக்கும். ஆறாவது பக்கத்தில் ஒரு கோடு பிசகியிருக்கும், அல்லது அந்தப் பக்கமே கிழிக்கப்பட்டிருக்கும். அதற்குப் பிறகு வெறும் வெள்ளைத்தாள். வரைந்தவருக்கு ஆர்வம் போய்விட்டது என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். ஆர்வம் அப்படியேதான் இருக்கும். ‘நல்ல நோட்டில் அசிங்கமான பக்கம் இருக்கக்கூடாது’ என்று ஒரு விதி குறுக்கே வந்து நின்றிருக்கும். அதை அவருக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கக்கூட மாட்டார்கள்.

ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனத்தை நிறுத்திவைப்பதில் சிரமம்), டிஸ்லெக்ஸியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்) போன்றவற்றோடு வாழ்கிறவர்களிடம் இப்படிப்பட்ட விதிகள் ஏன் இவ்வளவு அழுத்தமாக ஒட்டிக்கொள்கின்றன, அவற்றை எப்படித் தளர்த்துவது, எதைத் தொடவே கூடாது என்பதை இங்கே பார்ப்போம். தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். “விதியெல்லாம் தூக்கிப் போடு, இஷ்டத்துக்கு வரை” என்ற அறிவுரையால் இவர்களுக்குப் பெரும்பாலும் பயன் இருக்காது. இறுகிப்போன ஒவ்வொரு விதியும் அந்த மனிதருக்கு ஏதோ ஒரு வேலையைச் செய்துகொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த வேலையை வேறொன்றிடம் ஒப்படைத்த பிறகே விதியைக் கழற்ற முடியும்.

சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். மூளை தகவலை வாங்கும் விதம், கவனம் செலுத்தும் விதம், கற்கும் விதம் ஆகியவை பெரும்பான்மையினரிடமிருந்து மாறுபட்டிருப்பவரை நியூரோடைவர்ஜென்ட் என்கிறோம். 1990களின் பிற்பகுதியில் ஆட்டிசம் உள்ளவர்களின் உரையாடல்களில் உருவான ‘நரம்பியல் பன்மை’ என்ற கருத்திலிருந்து கிளைத்த சொல் இது. ஒருவரிடமே இரண்டு மூன்று வேறுபாடுகள் சேர்ந்திருப்பது சகஜம். ஆனாலும் 2013இல் டிஎஸ்எம்-5 வெளியாகும் வரை, ஆட்டிசமும் ஏடிஎச்டியும் ஒரே ஆளுக்கு இருப்பதாகக் குறிக்க அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் அந்தக் கையேட்டில் வழியில்லை. அதற்கு முன்பே வளர்ந்துவிட்ட பலருக்குத் தங்களைப் பற்றிய பாதி விளக்கம்தான் கிடைத்தது. மீதிப் பாதியை ‘சோம்பேறி’, ‘பிடிவாதக்காரி’ போன்ற சொற்கள் நிரப்பின. விதிகளைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொற்களும் உள்ளே வரும்.

விதி ஏன் ஒட்டிக்கொள்கிறது

உளவியலில் விஸ்கான்சின் சீட்டுப் பிரிப்புச் சோதனை என்று ஒன்று உண்டு. 1948இல் வெளியானது. சீட்டுகளில் வெவ்வேறு நிறத்தில், வடிவில், எண்ணிக்கையில் உருவங்கள் இருக்கும். எதை வைத்துப் பிரிக்க வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் ‘சரி’, ‘தவறு’ என்பது மட்டும்தான் பதில். நிறத்தை வைத்துப் பிரிக்க வேண்டும் என்று கண்டுபிடித்துத் தொடர்ந்து பத்து முறை சரியாகச் செய்ததும், சொல்லாமல் கொள்ளாமல் விதி மாறிவிடும். இப்போது வடிவம்தான் கணக்கு. பழைய விதியையே பிடித்துக்கொண்டு தொடர்வது ஒரு வகைப் பிழையாகக் குறிக்கப்படும். ஆட்டிசம் உள்ளவர்களின் குழுக்கள் சராசரியாக இந்தப் பிழையைக் கூடுதலாகச் செய்வதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சராசரி என்பதை அழுத்திச் சொல்கிறோம், எல்லாருக்கும் இது பொருந்தாது.

வகுப்பறையும் ஏறக்குறைய இதே சோதனைதான். ஒன்றாம் வகுப்பில் மிஸ் “வானம் நீலம், இலை பச்சை, கோட்டுக்கு வெளியே போகக்கூடாது” என்கிறார். ஆறு வயதுக் கைக்கு கிரேயான் பிடிக்கப் பழக்க அது போதும். ஏழாம் வகுப்பில் அந்த விதிக்கு வேலை இல்லை. ஆனால் “இன்றோடு அது முடிந்தது” என்று யாரும் அறிவிப்பதில்லை. பெரும்பாலான பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்து, ஆசிரியரின் முகத்தைப் பார்த்து, விதி தளர்ந்துவிட்டதை ஊகித்துக்கொள்கிறார்கள். சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிற பிள்ளைக்கு அந்த ஊகம் வாய்க்காது. முப்பது வயதில் அக்ரிலிக் வாங்கி உட்கார்ந்தாலும் ஊதா வானம் தீட்டக் கை வராது.

இரண்டாவது காரணம் கவனம். டைனா மரே, மைக் லெஸ்ஸர், வென் லாசன் மூவரும் 2005இல் எழுதிய கட்டுரையில், ஆட்டிசத்தில் கவனம் ஒரு நேரத்தில் மிகச் சில விஷயங்களில் மட்டும் ஆழமாகக் குவிகிறது என்ற கருத்தை முன்வைத்தார்கள். மோனோட்ரோபிசம் என்பது அதன் பெயர். குவிந்த கவனத்தை வேறு பாதைக்குத் திருப்ப அதிக உழைப்பு தேவை. நிலையான விதி இருந்தால் திருப்ப வேண்டிய தேவையே குறைகிறது. எந்தப் பென்சில், எந்த மேசை, எதை முதலில் வரைவது என்பதெல்லாம் முடிவாகிவிட்டால் மீதிச் சக்தி முழுவதும் வேலைக்குக் கிடைக்கிறது. அந்த விதத்தில் விதி நல்ல ஊன்றுகோல்.

ஏடிஎச்டியில் கதை கொஞ்சம் வேறு. செய்துகொண்டிருப்பதை மனதில் நிறுத்திவைப்பதே அங்கே சிரமம். அதனால் வெளியிலிருந்து வந்த விதிகள் கைப்பிடிச் சுவர்போல ஆகின்றன. அவற்றில் பெரும்பகுதி திட்டு வாங்கியபோது கிடைத்தவை: “ஆரம்பிச்சதை முடிக்காம இன்னொண்ணைத் தொடாதே”, “தினமும் உட்கார்ந்தாத்தான் உருப்படுவே”. இந்த விதிகள் ஒரு நாள் தவறினால் முழுதாகக் கவிழ்ந்துவிடும். ஒரு நாள் எழுதவில்லை, அதனால் எழுதுவதையே விட்டாயிற்று என்ற முடிவு இப்படித்தான் வருகிறது.

டிஸ்லெக்ஸியா உள்ளவருக்கு ‘பிழையில்லாமல் எழுது’ என்பது ஒன்றே போதும், பேனாவைக் கீழே வைத்துவிட. தமிழில் ல-ள-ழ, ர-ற, ன-ண-ந என்று ஒவ்வொரு வரியிலும் கண்ணி காத்திருக்கிறது. சொல்ல வந்த விஷயம் எழுத்தைத் தேடும்போதே நழுவிப் போகிறது.

எந்த விதி பொருளைச் சார்ந்தது, எது மனிதரைச் சார்ந்தது

தளர்த்தத் தொடங்கும் முன் தரம் பிரிக்க வேண்டும். கையில் இருக்கும் விதியைப் பார்த்து, “இதை மீறினால் என்ன நடக்கும்?” என்று கேளுங்கள். விடையில் தாளோ மண்ணோ வண்ணமோ வந்தால் அது தொழில் விதி. விடையில் ஒரு மனிதரின் முகம் வந்தால் அது வேறு வகை.

எண்ணெய் வண்ணத்தில் கீழ் அடுக்கைவிட மேல் அடுக்கில் எண்ணெய் கூடுதலாக இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மேல் அடுக்கு முதலில் காய்ந்து, கீழ் அடுக்கு பின்னர் அசையும்போது வெடிப்பு விடும். களிமண் பொம்மை சூளைக்குப் போகுமுன் உள்ளே வரை காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் நீராவியாகி உடைத்துக்கொண்டு வெளியே வரும். இவற்றைக் கைவிட எந்தக் காரணமும் இல்லை.

சிக்கல், ஒரு பொருளின் விதி இன்னொரு பொருளுக்குத் தாவும்போதுதான். வாட்டர் கலரில் வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போகச் சொல்வார்கள். அந்த வண்ணம் ஒளி ஊடுருவக்கூடியது. அங்கே வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான், ஒருமுறை மூடிவிட்டால் திரும்பக் கிடைப்பது கஷ்டம். போஸ்டர் கலரும் பெரும்பாலான அக்ரிலிக்கும் மறைக்கும் தன்மை உள்ளவை. அடர் நிறம் காய்ந்ததும் மேலே வெளிர் நிறம் வைக்கலாம். போஸ்டர் கலரில் மட்டும் பிரஷில் தண்ணீர் அதிகமானால் கீழ் அடுக்கு கரைந்து கலங்கும், ஆகவே கெட்டியாகக் குழைத்து வைக்க வேண்டும். பள்ளியில் வாட்டர் கலரோடு பழகிய ஒருவர், அக்ரிலிக்கிலும் ‘அடர் நிறத்தை வைத்துவிட்டேன், படம் கெட்டுவிட்டது’ என்று எழுந்து போவதுண்டு. கெட்டது ஒன்றுமில்லை, இருபது நிமிடம் காயவிட்டால் போதும்.

இலக்கண விதிகள் தனி வகை. வெண்பாவுக்கு ஈற்றடியில் மூன்று சீர், மற்ற அடிகளில் நான்கு, கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்று. மீறினால் அது வெண்பா ஆகாது. கவிதை ஆவதற்கு அதனால் தடையில்லை. முன்னுரை, துணைத்தலைப்புகள், முடிவுரை என்ற கட்டுரை அமைப்பும் இப்படித்தான். தேர்வுத்தாளுக்கு அது தேவை. வீட்டில் எழுதும் எல்லாவற்றுக்கும் அதுவே வடிவம் என்று எங்கும் இல்லை.

இன்னொரு வகையும் இருக்கிறது. ஒருவரின் பழக்கம் ஊருக்கெல்லாம் விதியாகிவிடுவது. பொமொடோரோ முறையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள்: 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. 1980களின் பிற்பகுதியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தன் படிப்புக்காகத் தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றை வைத்துத் தொடங்கியது. இத்தாலிய மொழியில் பொமொடோரோ என்றால் தக்காளி. தொடங்கவே முடியாமல் தவிப்பவர்களுக்கு இது உதவும். ஆனால் வேலைக்குள் இறங்கவே இருபது நிமிடம் எடுக்கிறவருக்கு, இறங்கிய ஐந்தாவது நிமிடம் மணி அடிக்கிறது. அவர் அந்த மணியை வேலையை நிறுத்துவதற்காக வைத்துக்கொள்ளத் தேவையில்லை. 60 நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கவிட்டு, தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை போகவும் நினைவூட்டலாக வைத்துக்கொண்டால் போதும்.

கடைசியாக அச்ச விதி. ‘முடிக்காததை யாருக்கும் காட்டக்கூடாது’, ‘ரப்பர் தொடாமல் வரைபவர்தான் கலைஞர்’, ‘பார்த்து வரைந்தால் காப்பி’. இவற்றின் பின்னால் எப்போதோ நடந்த ஒரு கேலி இருக்கும். நாம் தளர்த்த வேண்டியவை பெரும்பாலும் இவையும், இடம் மாறித் தாவிய தொழில் விதிகளும்தான்.

ஒரு வாரம் விதி பிடிப்பது

தபால் அட்டை அளவில் பத்துப் பதினைந்து அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு எதையும் மாற்ற வேண்டாம். வேலை நடுவில் கை நின்றுபோகும்போது மட்டும், மனதில் ஓடிய வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். ‘கூடாது’, ‘வேண்டும்’, ‘கண்டிப்பா’, ‘எப்பவுமே’, ‘முறைப்படி’ என்ற சொற்கள் வந்தால் அங்கே ஒரு விதி இருக்கிறது. ஓர் அட்டைக்கு ஒரே விதி. சிலருக்கு வாக்கியமாக வராது, வயிற்றில் ஒரு பிடிப்பாகவோ எழுந்து போகத் தோன்றுவதாகவோ மட்டும் வரும். அதையே எழுதினாலும் சரி: “பேனாவை எடுத்ததும் தோள் இறுகியது”.

வாரக் கடைசியில் ஒவ்வோர் அட்டையின் பின்பக்கமும் மூன்று குறிப்புகள். யார் சொன்னது, எந்தப் பொருளுக்கு அல்லது எந்த வயதுக்குச் சொன்னது, இது எனக்கு என்ன வேலை செய்துதருகிறது. மூன்றாவதுதான் முக்கியம். அவசரப்படாமல் யோசியுங்கள். நாங்கள் அடிக்கடி காணும் வேலைகள் நான்கு. முடிவெடுக்கும் சுமையைக் குறைப்பது, திட்டிலிருந்து காப்பது, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று காட்டுவது, உடம்புக்கு அமைதி தருவது. ஒரு விதி இரண்டு வேலை செய்வதும் உண்டு.

பிறகு, அந்த விதியை மீறுவதாகக் கற்பனை செய்து, உடம்பு எவ்வளவு பதறுகிறது என்று 0 முதல் 10 வரை ஓர் எண் போடுங்கள். உணர்ச்சிக்கு எண் போடுவது வராதவர்கள் ‘செய்வேன், யோசிப்பேன், முடியாது’ என்று மூன்றாகப் பிரித்தாலும் போதும்.

முதலில் 3 அல்லது 4 வாங்கிய அட்டையை எடுங்கள். துணிச்சலாக 9இல் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே நாளில் திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தோல்வி விதியை முன்னைவிட இறுக்கிவிடும்.

ஒரே ஒரு திருகாணி

தளர்த்தும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விதி மாறும் நாளில் இடம், நேரம், பேனா, பின்னால் ஓடும் பாட்டு எல்லாம் பழையபடியே இருக்கட்டும். தாள் சிறியது, 10×15 சென்டிமீட்டர். நேரம் பத்து நிமிடம். இதை மூன்று வெவ்வேறு நாட்களில் செய்யுங்கள். ஒரே நாளில் மூன்று முறை செய்தால் அலுப்புதான் மிஞ்சும்.

தொடங்குமுன் அட்டையில் ஒரு வரி: என்ன நடக்கும் என்று நினைக்கிறேன். முடித்ததும் இன்னொரு வரி: என்ன நடந்தது. இந்த இரண்டு வரிகளைத் தவிர்க்காதீர்கள். பதற்றம் முன்கூட்டியே சொல்வதும் உண்மையில் நடப்பதும் எவ்வளவு தூரம் விலகியிருக்கின்றன என்று மனதுக்குக் காட்ட வேறு வழியில்லை. எழுதிவைக்காவிட்டால் நினைவு பழைய பயத்தின் பக்கமே சாயும்.

முதலில் சொன்ன நோட்டையே எடுத்துக்கொள்வோம். ‘அசிங்கமான பக்கம் கூடாது.’ இது செய்த வேலை, யாராவது நோட்டைப் புரட்டினால் கேலியிலிருந்து காப்பது. அப்படியானால் முதலில் அந்தக் காவலுக்கு மாற்று வேண்டும். தனித்தனித் தாளில் வரைந்து, மூடும் ஃபைலில் வைக்கலாம். அல்லது நோட்டின் அட்டையில் ‘பயிற்சி’ என்று எழுதி ரப்பர் பேண்ட் போட்டு, இதை யாரும் திறக்கக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிடலாம். காவல் உறுதியான பிறகு படிகள். கடைசிப் பக்கத்தில் பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்ப்பது, 2. அதே பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு டம்ளர் வரைவது, 3. நடுப்பக்கத்தில் வண்ணங்களைச் சோதிக்கும் கட்டங்கள் போடுவது, 4. ஆறாவது பக்கத்தில் பேனாவால், அழிக்காமல் ஐந்து நிமிடம், 6. நம்பிக்கையான ஒருவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டுவது, 9. மூன்று நாள் செய்தபின் எண் இரண்டு புள்ளியாவது இறங்கினால் அடுத்த படிக்குப் போங்கள். ஏறினால் ஒரு படி கீழே இறங்குங்கள். இறங்குவதில் எந்தக் குறையும் இல்லை.

இங்கே வழக்கமாக வரும் தொல்லை, பக்கத்தைக் கிழிக்கும் வேகம். அதைத் தடுக்க ‘கிழிக்கவே கூடாது’ என்று புது விதி போட்டால் நோட்டையே தொட மாட்டார்கள். ‘24 மணி நேரம் கழித்துக் கிழிக்கலாம்’ என்று வையுங்கள். மறுநாள் பெரும்பாலும் கிழிக்கத் தோன்றாது. தோன்றினால் கிழித்துக்கொள்ளலாம்.

‘தினமும் எழுத வேண்டும்’ என்பதை இப்போது பாருங்கள். ஏடிஎச்டி உள்ளவருக்கு இது செய்யும் வேலை, எப்போது தொடங்குவது என்று காட்டுவது. அந்த வேலைக்கு நாட்காட்டியைவிட ஒரு செயல் நன்றாக உதவும். ‘இது நடந்ததும் அதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே இரண்டையும் கட்டிவைக்கும் திட்டத்தைப் பற்றி பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் விரிவாக எழுதினார். ‘காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் ஃபைலைத் திறந்து ஒரு வரி எழுதுவேன்.’ ஒரு வரி, அதற்கு மேல் வந்தால் லாபம். எண்ணுவதையும் மாற்ற வேண்டும். விடாமல் எத்தனை நாள் என்று எண்ணினால் ஒரு நாள் விட்டதும் கணக்கு பூஜ்யம். மாதத்தில் மொத்தம் எத்தனை நாள் என்று எண்ணினால் 12 நாள் எழுதியது 12ஆகவே நிற்கும்.

எழுந்திருக்கும்போது அடுத்து என்ன என்பதை ஒரு வரியில் குறித்துவிட்டுப் போங்கள்: ‘நாளைக்கு, அத்தை கதவைத் திறப்பதிலிருந்து’. வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போவதும் நல்ல உத்தி. மறுநாள் உள்ளே நுழையக் கதவு திறந்திருக்கும். இன்னொன்று, எந்த உத்தியும் சில வாரங்களில் புதுமை தேய்ந்து வேலை செய்யாமல் போகலாம். ஏடிஎச்டியில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். மூன்று உத்திகளை எழுதிவைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். எதிரே ஒருவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, வீடியோ அழைப்பில் ஆனாலும், பலருக்கு நன்றாகக் கைகொடுக்கிறது.

‘பிழையில்லாமல் எழுது’ என்ற விதியை அப்படியே வைத்துக்கொள்ளலாம், இடத்தை மட்டும் மாற்றினால் போதும். முதல் சுற்றில் பேசுங்கள். கைபேசியின் தமிழ்க் குரல் தட்டச்சு பேசுவதை எழுத்தாக்கித் தரும், அதில் தவறுகள் இருக்கும், இருக்கட்டும். இரண்டாம் சுற்றில் வரிசையை மட்டும் பாருங்கள். ஒரு கருத்துக்கு ஓர் அட்டை என்று எழுதித் தரையில் பரப்பிவிட்டால், முன்னுரை கடைசியில் பிறந்தாலும் பரவாயில்லை என்று கண்ணுக்கே தெரியும். மூன்றாம் சுற்று எழுத்துப்பிழைக்கு. அதிலும் எல்லாவற்றையும் சேர்த்துத் தேடாதீர்கள். ஒருமுறை படிக்கும்போது ல-ள-ழ மட்டும், அடுத்த முறை ர-ற மட்டும். ஒரே ஒன்றைத் தேடும் கண்ணுக்கு அது அகப்படும்.

எங்கே பிசகும்

மிகப் பெரிய தவறு, எல்லாவற்றையும் ஒரே நாளில் உதறுவது. வெள்ளைத்தாளை நீட்டி “என்ன வேண்டுமானாலும் வரை” என்றால் பலருக்கு உறைந்துபோகத்தான் தோன்றும். நிறம், அளவு, பொருள், தொடங்கும் இடம் எல்லாவற்றையும் அந்த நொடியில் முடிவு செய்யச் சொல்கிறோம். பழைய விதியை எடுக்கிற இடத்தில், தானே தேர்ந்தெடுத்த ஒரு சின்ன விதியை வையுங்கள். இரண்டே நிறம். கோலத்தில் ஐந்து புள்ளி வரிசை வைத்து, கம்பி எங்கே போனாலும் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். ‘நான்’ என்ற சொல் இல்லாமல் ஒரு பத்தி.

இதில் தமிழுக்கு நீண்ட பழக்கம் உண்டு. உதடு ஒட்டாத, குவியாத எழுத்துகளை மட்டுமே வைத்துப் பாடும் நிரோட்டகம் நம் சித்திரகவிகளில் ஒன்று. பிரான்சில் 1960இல் ரேமோன் கெனோவும் ஃபிரான்சுவா லெ லியோனேயும் தொடங்கிய உலிப்போ குழு, இப்படிப்பட்ட கட்டுப்பாடுகளை வைத்தே எழுதிப் பார்த்தது. தானாக எடுத்துக்கொண்ட விதியை எந்த நிமிடமும் கீழே வைக்கலாம், விளையாட்டு முடிந்தது என்று எழுந்து போகலாம். உள்ளே இறங்கிப்போன விதிக்கு அந்த வசதி கிடையாது. வரைபவரின் உடம்புக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

அடுத்த தவறு, ‘விதியை உடைத்தே ஆக வேண்டும்’ என்பதே புது விதியாவது. அட்டையில் ‘இன்று உடைக்காமல் விட்டுவிட்டேன், நான் தேறமாட்டேன்’ என்ற தொனி வந்தால் ஒரு வாரம் அட்டைகளை மூடிவையுங்கள்.

தூக்கம் கெட்ட நாள், கல்யாண மண்டபத்திலிருந்து திரும்பிய மாலை, தேர்வு வாரம், வீடு மாறிய மாதம், இவை சோதனைக்கான காலம் அல்ல. அப்போது பழைய விதிகள்தான் ஆளைத் தாங்குகின்றன. முழுக்கப் பழையபடியே செய்யுங்கள்.

சிலவற்றைத் தொடவே கூடாது. ஒருவர் பத்து வருடமாக ரயில் எஞ்சின் மட்டுமே வரைகிறார், மகிழ்ச்சியாக வரைகிறார் என்றால் அங்கே சரிசெய்ய எதுவும் இல்லை. ஆட்டிசம் உள்ள பிரிட்டிஷ் ஓவியர் ஸ்டீபன் வில்ட்ஷையர் சிறு வயதிலிருந்தே கட்டடங்களையும் நகரங்களையும் வரைந்துவருகிறார். ஹெலிகாப்டரில் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு நினைவிலிருந்தே பல மீட்டர் நீளத்துக்கு நகரத்தை வரைபவர் அவர். “கொஞ்சம் பூ, பறவை வரையேன்” என்று அவரை இழுப்பதால் யாருக்கு என்ன கிடைத்துவிடும்? ஒரே பொருள், ஒரே பேனா, வரையும்போது காலாட்டுவது, ஒரே பாட்டை நாற்பது முறை கேட்பது, இவையெல்லாம் வேலைக்கு உதவும்வரை இருக்கட்டும். பார்ப்பவருக்கு ‘சாதாரணமாக’த் தெரிவதற்காக இவற்றை விடச் சொல்வது அநியாயம்.

ஓர் எச்சரிக்கை. விதியை மீறினால் வீட்டில் யாருக்கோ ஆபத்து வரும் என்று தோன்றுகிறது, அந்த எண்ணமே பிடிக்கவில்லை, ஆனாலும் செய்யாமல் இருக்க முடியவில்லை, நேரம் மணிக்கணக்கில் போகிறது என்றால் அது ஓசிடி என்ற மனநலச் சிக்கலாக இருக்கலாம். ஆட்டிசத்தோடு சேர்ந்தும் அது வரும். அதற்குத் தனிச் சிகிச்சை முறை உண்டு, மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். மேலே சொன்ன அட்டை முறையைத் தனியாக அதற்குப் பயன்படுத்த வேண்டாம். வரைய ஆசைப்பட்டும் விதி தடுக்கிறது என்பது ஒன்று, விதியே வேண்டாத வேதனையாக இருப்பது வேறு.

விதியை என்ன செய்வது

மூன்று வாரம் கழித்து அட்டையைத் திருப்பிப் பார்த்தால் நான்கில் ஒரு முடிவு வரும்: வைத்துக்கொள்வேன், விடுவேன், இன்னும் சோதிப்பேன், திருத்தி எழுதுவேன். கடைசியே அதிகம் வரும், எங்கள் பார்வையில் அதுவே நல்ல முடிவும்கூட. ‘எப்போதும்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘எப்போது’ என்பதற்கான விடையை எழுதுங்கள். ‘முடிக்காமல் இன்னொன்றைத் தொடாதே’ என்ற விதி, ‘பிறருக்குத் தேதி சொல்லிவிட்ட வேலை இருக்கும்போது, அது முடியும்வரை புதியதைத் தொடங்காமல் குறிப்பு மட்டும் எழுதிவைப்பேன்; தேதி இல்லாத வேலைகளில் மூன்று வரை ஒரே நேரத்தில் ஓடலாம்’ என்று ஆகலாம். மூன்று என்ற எண் உங்களுடையது, இரண்டோ ஐந்தோ ஆகலாம். எண் இல்லாமல் ‘கொஞ்சம்’, ‘அளவோடு’ என்று எழுதினால் மட்டும் பயன்படாது. தெளிவில்லாத விதியை மனம் மறுபடி பழைய இறுக்கத்துக்கே இழுத்துக்கொண்டு போகும்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு

கற்றுக்கொடுப்பவர்களும் பெற்றோரும் விதி சொல்லும்போது மூன்றையும் சேர்த்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது: என்ன, எங்கே, ஏன். “அடர் நிறத்தைக் கடைசியில் வை” என்று நிறுத்திவிடாமல், “வாட்டர் கலரில் அடர் நிறத்தைக் கடைசியில் வை, ஏனென்றால் கீழே இருப்பது தெரியும், போஸ்டர் கலருக்கு மாறும்போது இது மாறும், அப்போது சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். மாறும்போது மறக்காமல் சொல்லவும் வேண்டும். “எப்படி இருந்தாலும் பரவாயில்லை” என்பது ஆறுதலாக எட்டாது. “இன்றைக்கு கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்க மாட்டேன், நிறம் தாள் முழுக்க வந்ததா என்று மட்டும் பார்ப்பேன்” என்றால் எட்டும்.

திடீரென்று மாற்றங்களைக் கொண்டுவராதீர்கள். நாளைக்கு வேறு பிரஷ் என்றால் இன்றே காட்டிவிடுங்கள். பிள்ளையோ பெரியவரோ முதல்முறை கோட்டைத் தாண்டி வண்ணம் வைத்தால் கைதட்டி ஆரவாரம் செய்ய வேண்டாம். பலருக்கு அந்த வெளிச்சமே தாங்காது, மறுநாள் கோட்டுக்குள் திரும்பிவிடுவார்கள். ஈரம் காய்ந்ததா என்று பார்த்துவிட்டு, “இந்தத் தாளை எங்கே வைக்கலாம்?” என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் இடத்திலேயே வையுங்கள்.